பதினாறு மஞ்சள் பொட்டு

வண்டியைத் தூக்கி வைக்கிற வேலை தைரியநாதனுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளபடி சொன்னால் குமட்டும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற ஜீப்பின் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, வளைவு அதிகமுள்ள புதுப் பட்டைகளை மாட்டி, வண்டியை அரை அடி உயர்த்தி, அதற்கு டிராக்டர் சக்கரம் மாதிரி நாலு டயரையும் போட்டுக்கொள்வார்கள். காடு மலையெல்லாம் ஏறப் போகிறார்களாம். ஏறுகிற இடம் செக்காலை ரோட்டுக் காபிக்கடை வாசல். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர்கள் பட்டப்பகலில் வண்டிக்குப் பொய்க்கால் கட்டுகிறார்கள் என்று வீட்டில் மனைவி அடைக்கலமேரியிடம் சொல்லிச் சொல்லித் தீர்ப்பார்.

ஆனாலும் செய்தார். சீ என்று துப்பிய வாயாலேயே சரி என்றும் சொல்ல வேண்டியிருந்தது. புது வண்டிகளெல்லாம் கம்பெனிக்காரனிடமே போய்விடுகின்றன. கல்லல் சாலையில் இருந்த அவருடைய சூசையப்பர் ஆட்டோ ஒர்க்ஸைத் தேடி வருகிறவர்கள் பழைய ஜீப்புக்காரர்கள்தான். அவர்களுக்கெல்லாம் தலைவன் மாதிரி இருந்தவன் கோபிநாத். அவனுக்கு ஒரு வண்டி செய்து கொடுத்தால் அவன் பின்னால் பத்து வண்டி வரும்.

கோபிநாத் பிளாட் போட்டு விற்கிறவன். அந்தத் தொழிலுக்கு வேண்டிய சிரிப்பு அவனுக்கு முகத்திலேயே அச்சடித்திருந்தது. எங்கே போனாலும் போனைத் தூக்கிப் பிடித்து, போனிடம் பேசிவிட்டுத்தான் மனிதர்களிடம் பேசுவான். கல்லல் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் ஏற்றிக்கொண்டு கிடந்த பழைய ராணுவ டிரக் ஒன்றை வாங்கி, பச்சைப் பெயிண்ட் அடித்து, கிளாசிக் என்று பெயர் சூட்டியிருந்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி அது. முழங்கால் சேற்றில் விட்டாலும் முனகாமல் ஏறி வரும். அதற்குப் போய் எதற்கு இந்த அலங்காரம் என்று தைரியநாதனுக்கு வயிறு எரிந்தது.

வேலையைச் செய்தவன் முத்துக்கண்ணன். பட்டறையில் பல வருஷமாக இருக்கிற பிட்டர். கைவேலையில் குறை சொல்ல முடியாது, பேச்சில்தான் குறை. எதையும் பாதி சொல்வான், மீதியைக் கேட்கிறவன் ஊகித்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே தைரியநாதன் பட்டறையில் ஒரு சட்டம் வைத்திருந்தார். கடைசி முறுக்கு முறுக்கி முடித்த நட்டின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இருந்தால் முறுக்கியாயிற்று, இல்லையென்றால் இல்லை. வாயைத் திறந்து யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம்.

பட்டையையும் அச்சையும் சேர்த்துப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பதினாறு நட்டு. புதுப் பட்டை போடும்போது வண்டி ஸ்டாண்டில் அந்தரமாக நிற்கும். அப்போது அந்த நட்டுகளைக் கையால் திருகி மட்டும் வைப்பார்கள். டயர் மாட்டிக் கீழே இறக்கி, வண்டியின் பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகுதான் நீளப் பிடி ஸ்பேனரைப் போட்டுக் கடைசி முறுக்கு. வேலை இவ்வளவுதான். ஆனால் கோபிநாத் கேட்ட டயர், வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை வந்து சேரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை.

தைரியநாதன் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். ஆனால் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சாமி கும்பிடுகிறவர்கள் என்பதால் வருஷா வருஷம் ஆயுத பூஜை தடபுடலாக நடக்கும். அவர் ஓரமாகக் கை கட்டி நின்றுகொண்டு, முடிந்ததும் பொரியும் கடலையும் வாங்கிக்கொள்வார். அடைக்கலமேரி வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையச் சுண்டல் கொடுத்துவிடுவாள். இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தபோது டிரக் புது டயரோடு தரையில் நின்றது. ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் வாழை இலையில் சந்தனமும் குங்குமமுமாக வரிசை கட்டியிருந்தன. முத்துக்கண்ணன் குளித்துவிட்டு வந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தான்.

"சாமான எல்லாம் பூசைக்கு வச்சாச்சுண்ணே. இனி எடுக்கப்படாது" என்றான். "நாளைக்குப் பாப்பாவுக்கு இளையாத்தங்குடி கோயில்ல எழுத்து ஆரம்பிக்கிறோம். முடிச்சுட்டு வந்து பாத்துக்கிறேன்."

"எப்ப வருவ?"

"வந்துருவேன்ணே."

எதைப் பார்த்துக்கொள்கிறான் என்று அவன் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முறுக்கு வேலை பாக்கி என்பது அவன் மனதில் இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது, கடைசியாக ஒரு பார்வை பார்க்கப் போகிறான் என்பது அவர் மனதில் இருந்தது. பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்ற வழக்கம் அவருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் சாமி, அவர்கள் கை என்று விட்டுவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் கோபிநாத் வந்தான். கூடவே அவன் மனைவி சத்தியப்பிரியா, ஒரு கிண்ணம் சந்தனம், ஆளுயர மாலை. பட்டறைச் சாவியை அவனிடம் கொடுத்து, பூட்டிவிட்டுப் போங்கள் தம்பி என்று சொல்லிவிட்டுத் தைரியநாதன் வீட்டுக்குப் போனார். அவன் போனிடம் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க அவரால் முடியாது.

மறுநாள் விஜயதசமி, சனிக்கிழமை. காலையில் பட்டறை வாசலில் பத்து ஜீப் நின்றது. எல்லாம் உயர்த்தக் காத்திருக்கிற ஜீப்புகள். முத்துக்கண்ணன் வந்திருக்கவில்லை.

"ஒம்பதுக்கு ராகுகாலம் பொறந்துரும் மாஸ்டர்" என்றான் கோபிநாத். "அதுக்குள்ள வண்டி திருக்கோஷ்டியூர் ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கணும். எல்லாரும் வந்துட்டாக. இன்னும் என்ன பாக்குறீக?"

"முத்து வரட்டும் தம்பி. ஒரு தடவை பாத்துறட்டும்."

"வேலை முடிஞ்சுருச்சுல்ல? அப்புறம் என்ன?"

தைரியநாதன் குனிந்து, டார்ச்சை அடித்துப் பார்த்தார். முன் பக்கம் எட்டு, பின் பக்கம் எட்டு. பதினாறு நட்டிலும் மஞ்சள் பொட்டு இருந்தது. அவருக்கு முதலில் தோன்றியது நிம்மதி. பூஜைக்கு முன்னாலேயே முடித்திருக்கிறான், அவசரத்தில் சொல்லாமல் விட்டிருக்கிறான், பாதிப் பேச்சுக்காரன்தானே. கையை நீட்டி ஒரு நட்டைத் தொட்டிருக்கலாம். வெளியே பத்து ஜீப்பும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கோபிநாத்தின் போன் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. இந்தக் கூத்து சீக்கிரம் தொலைந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"சரி, எடுங்க தம்பி" என்றார்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, டிரக் புறப்பட்டுப் போனது. முன்னால் போகிற கோபிநாத்தைப் பின்னால் வருகிறவர்கள் வீடியோ எடுக்க, பின்னால் வருகிறவர்களைச் சத்தியப்பிரியா எடுத்தாள். தைரியநாதன் வாசலில் கிடந்த பூசணிச் சிதறலைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினார்.

ஒரு மணி நேரத்துக்குள் போன் வந்துவிட்டது.

ஊரைத் தாண்டிக் கண்மாய்க் கரை வளைவில் ஆட்டு மந்தை குறுக்கே வந்திருக்கிறது. கோபிநாத் பிரேக்கை மிதித்திருக்கிறான். முன் அச்சு இடது பக்கம் பட்டையை விட்டு நழுவிப் பின்னால் போய்விட்டது. வண்டி தானாக இடது பக்கம் திரும்பிப் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து கிடந்தது. ஆடு ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. சத்தியப்பிரியாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். ஜீப்புகளும் கூடவே போய்விட்டன. கோபிநாத் நெற்றியில் ஒரு சின்னச் சிராய்ப்போடு அங்கேயே நின்றான்.

"அந்தப் புள்ள உள்ள கெடந்து கத்துது" என்று ஆட்டுக்காரர் தைரியநாதனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "இந்த ஆளு போன் எங்க விழுந்துச்சுன்னு புல்லுக்குள்ள தேடுறாரு. பின்னால வந்தவக இறங்கி வர்றதுக்குள்ள நாந்தேன் அந்தப் புள்ளைய வெளிய தூக்குனேன்."

தைரியநாதன், இவனும் ஒரு மனுஷன் என்று காறித் துப்பிவிட்டு, பள்ளத்தில் இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்தார். யூ போல்ட்டைப் பிடித்தார். நட்டு விரலுக்கே சுற்றியது.

அந்த நேரம் பார்த்து முத்துக்கண்ணன் போனில் வந்தான். பின்னால் நாகசுரமும் குழந்தைகள் சத்தமும் கேட்டன.

"அண்ணே, இங்க ஒரே கூட்டம். பாப்பா இப்பத்தான் நெல்லுல எழுதிக்கிட்டு இருக்கு. வண்டி நிக்குதுல்ல? மத்தியானமா வந்து முறுக்கிப் பொட்டு வச்சுருவோம்."

தைரியநாதன் நட்டின் மேலிருந்த மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்தார். பெயிண்டாக இருந்தால் வராது. இது பொடியாக உதிர்ந்து விரலோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, சந்தனம்.

"அண்ணே?"

"நீ இருந்து பாத்துட்டு மெதுவா வா" என்று சொல்லிப் போனை வைத்தார்.

கரைக்கு மேலே வந்து கோபிநாத்திடம் கேட்டார். அவன் ஒளிக்கவில்லை. அவனுக்கு அதில் ஒளிக்க எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. ராத்திரியே அதை வீடியோவாகப் போட்டுவிட்டானாம், எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்தாயிற்றாம். போனை நீட்டினான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று பாடி, ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறான். குங்குமம் வைக்கப் போனால் கண்ணில் உதிர்கிறது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரிக்கிறான். சந்தனம் மட்டும் போதும்ங்க என்கிறது சத்தியப்பிரியாவின் குரல்.

"தம்பி, மஞ்சப் பொட்டு இருந்தா முறுக்கியாச்சுன்னு எங்க பட்டறையில அடையாளம். அதைப் பாத்துத்தான் நான் வண்டிய விட்டேன். பையன் இன்னும் முறுக்கவே இல்ல."

கோபிநாத் கொஞ்ச நேரம் யோசித்தான். அந்த யோசனையில் அவன் பெண்டாட்டியின் தோள்பட்டை எந்த ஓரத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை.

"மாஸ்டர், பின்னால வந்தவங்ய வண்டி கவுந்ததையும் போட்டுட்டாங்ய. அதுல எனக்கு வர்ற கமெண்ட்டைப் பாத்தீகளா? ஓட்டத் தெரியாதவன், மலிவா வேலை செஞ்சவன்னு கழுவி ஊத்துறாங்ய. இதுல பொட்டு வச்சதும் நான்தான்னு சொன்னா நான் என்ன ஆவேன்? உங்க ஆளு முறுக்காமப் போனாரா இல்லையா? அது உண்மைதானே. அவரு வந்து ஒரு நிமிஷம் மன்னிப்புக் கேக்கட்டும், எல்லாம் சரியாப் போயிரும்."

"பொட்டு…"

"அதை விடுங்க" என்று குரலை இறக்கினான். அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "உங்க நல்லதுக்குச் சொல்றேன். வேதக்காரர் ஒருத்தர், சாமிக்கு வச்ச பொட்டாலதான் வண்டி கவுந்துச்சுன்னு சொன்னாருன்னு வெளிய போனா, கேக்குறவன் நல்ல விதமாவா எடுத்துக்குவான்? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஊரு வாயை யாரு மூடுறது? பத்து வண்டியும் உங்ககிட்டதான் வரணும்னு நான் சொல்லி வச்சிருக்கேன்."

ஆயுத பூஜைச் சுண்டலைக் கை நிறைய வாங்கித் தின்றவன் பேசுகிற பேச்சு இது. தைரியநாதனுக்கு அவன் வாயிலிருந்து சாக்கடை வழிகிற மாதிரி இருந்தது. சட்டையைப் பிடித்து அந்தப் பள்ளத்திலேயே தள்ளியிருக்க வேண்டும். அதற்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். பயம் வந்தது. பயத்தோடு சேர்ந்து, பத்து ஜீப் வரிசையாகப் பட்டறையில் நிற்பதும் கண்ணில் வந்தது.

"சரி தம்பி. அவன்கிட்ட சொல்றேன்" என்றார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை எந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பது என்பதையும் அவரே போன் போட்டுச் சொன்னார். மத்தியானம் கிரேன் வைத்து டிரக்கைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். கோயிலிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பத் தாமதமாகிவிட்டது என்ற முத்துக்கண்ணனிடம் சாயங்காலம் போனில், "நீ முறுக்காமப் போயிட்ட. வண்டி கவுந்து அந்தப் பொம்பளப் புள்ளைக்கு எலும்பு முறிஞ்சு போச்சு. வந்து ஒரு வார்த்தை சொல்லிரு" என்றார். வண்டி எப்படி வெளியே போனது என்று அவன் கேட்பான் என்று பயந்துகொண்டிருந்தார். கேட்கவில்லை. வாரேன்ணே என்று மட்டும் சொன்னான்.

அவன் புதுச் சட்டையோடு வந்தான். நெற்றியில் திருநீறு இருந்தது, கண் சிவந்திருந்தது. கோபிநாத் நெற்றிச் சிராய்ப்புக்கு இப்போது பெரிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். முத்துக்கண்ணனை டிரக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, கொஞ்சம் அங்குட்டுத் தள்ளு, வெளிச்சம் முகத்தில் விழட்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போனைத் தூக்கினான். தைரியநாதன் கதவு ஓரத்தில் நின்றார். ஒரு நிமிஷம்தானே, முடிந்துவிடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

"நான் முறுக்காமப் போனது தப்புதான்" என்றான் முத்துக்கண்ணன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டயரைப் பார்த்துப் பேசினான். "அக்காவுக்கு அடிபட்டது என்னாலதான். என்னைய மன்னிச்சுருங்க."

"இன்னும் கொஞ்சம் மனசாரச் சொல்லுப்பா. இங்க பாத்து."

"எம் புள்ள மேல சத்தியமா…" என்று அவன் தொடங்கினான். காலையில் நெல்லில் எழுதிய பிள்ளை. "எம் புள்ள மேல சத்தியமா, இனிமே என் கையால…"

"போதும்டா" என்றார் தைரியநாதன்.

அவரே எதிர்பார்க்கவில்லை. கால்கள் தானாகப் போய்ப் போனுக்கு முன்னால் நின்றன. "இவன் முறுக்கல. காலையில வந்து முறுக்குறதாத்தான் விட்டுட்டுப் போனான். நட்டுல சந்தனப் பொட்டு வச்சது இந்தத் தம்பி. அதை எங்க பெயிண்ட் பொட்டுன்னு நெனச்சு வண்டிய வெளிய விட்டது நான். குனிஞ்சு பாத்தேன், கையால தொடல. தொட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். முத்து மேல ஒரு தப்பும் இல்ல."

கோபிநாத் போனை இறக்கினான். முகத்தில் அச்சடித்திருந்த சிரிப்பு முதல் தடவையாகக் காணாமல் போயிருந்தது.

"இதை வெட்டிருவேன் மாஸ்டர்."

"வெட்டிக்கங்க."

"ஒரு வண்டி வராது உங்ககிட்ட."

"வர வேணாம். உங்க டிரக்கையும் நாளைக்கே எடுத்துக்கங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தப் புள்ள பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காருங்க, போங்க."

அவன் காரைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு தைரியநாதனுக்கு மூச்சு சீராக வந்தது. வரப்போகிற வம்பை நினைக்கக்கூட இல்லை. வாந்தி எடுத்து முடித்தவனுக்கு வருகிற தெளிவு அது. பெரிய காரியம் செய்துவிட்டோம் என்றே நினைத்தார். முத்துக்கண்ணன் இப்போது வந்து தன் கையைப் பிடித்துக்கொள்வான், நல்லவேளை சொன்னீகண்ணே என்பான் என்று காத்திருந்தார்.

முத்துக்கண்ணன் அசையவில்லை. அந்தப் பாதிப் பேச்சுக்காரன் அன்றைக்கு முழுசாகப் பேசினான்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்ணே?"

"காலையில."

"காலையிலன்னா?"

"வண்டி கெடந்த எடத்துல. நீ போன் பண்ணுனியே, அப்ப."

"பாப்பா எழுதிக்கிட்டு இருந்துச்சே, அப்பவா?"

தைரியநாதன் தலையை ஆட்டினார்.

"சாயங்காலம் நீங்கதானே கூப்பிட்டு, நீ முறுக்காமப் போயிட்ட, அதான் கவுந்துருச்சுன்னு சொன்னீக."

"சொன்னேன்டா. அவன் என்ன சொல்லி மெரட்டுனான்னா…"

"ஒரு எலும்ப ஒடச்சுப்புட்டேனேன்னு பஸ்ல வர்ற வழியெல்லாம் அழுதுக்கிட்டு வந்தேன்ணே. பக்கத்து சீட்டுல இருந்த அம்மா தண்ணி குடுத்துச்சு."

தைரியநாதன் அவன் தோளைத் தொடக் கையை நீட்டினார். அவன் ஒதுங்கிக்கொண்டான். கோபத்தில் உதறியிருந்தால் தாங்கியிருப்பார், இரண்டு நாளில் சமாதானம் செய்தும் இருப்பார். வழியில் கிடக்கிற அசிங்கம் வேட்டியில் பட்டுவிடாமல் ஒருவன் விலகிப் போவானே, அந்த விலகல். காலையிலிருந்து கோபிநாத்தைத் தான் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முத்துக்கண்ணன் வேறொன்றும் சொல்லாமல் ரோட்டைக் கடந்து, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டான்.